சாயலும் செருக்கும்: முகலாய உருவப்படக் கலையை முன்வைத்து

இரண்டு காசுகளை எடுத்துக்கொள்வோம். முதலாவது, உமையா கலீஃபா அப்துல் மலிக் இப்னு மர்வான் ஹிஜ்ரி 74-ஆம் ஆண்டளவில் வெளியிட்ட பொற்காசு. நீண்ட அங்கி அணிந்து, வாளின் பிடியில் கை வைத்து நிற்கும் கலீஃபாவின் உருவம் அதில் உண்டு. சில ஆண்டுகளிலேயே அவ்வுருவம் மறைந்துபோயிற்று. ஹிஜ்ரி 77 (கி.பி. 696-697) முதல் அடிக்கப்பட்ட தீனார்களில் உருவமே இல்லை, இறைவனின் ஒருமையைச் சாற்றும் எழுத்துகள் மட்டுமே உள்ளன. இரண்டாவது, முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் ஹிஜ்ரி 1020-இல் (கி.பி. 1611) வெளியிட்ட பொன் மொஹர். அதில் பேரரசரின் உருவம் இருக்கிறது. அவர் கையில் மதுக்கிண்ணமும் இருக்கிறது.

இவ்விரு காசுகளுக்கும் இடையே 940 ஹிஜ்ரி ஆண்டுகளுக்கு மேல் கழிந்திருந்தன. இரண்டையும் அருகருகே வைத்தால், நம்மில் இரு சாரார் இரு விதமாகப் பேசக் கேட்கலாம். ஒரு சாரார், முன்னவர் நேர்வழிக்குத் திரும்பினார், பின்னவர் வரம்பு மீறினார் என்று கூறி அத்துடன் பேச்சை முடித்துக்கொள்வர். மற்றொரு சாரார், இஸ்லாமிய நாகரிகம் உலகின் மிகச் சிறந்த உருவ ஓவியங்களை ஈன்றெடுத்தது, உலமாக்களின் கண்டிப்பால் அதைத் தடுக்க இயலவில்லை என்று பெருமிதம் கொள்வர். இவ்விரு சாராருக்கும் பொதுவான குறை ஒன்றுண்டு. இருவருமே படங்களைப் பார்ப்பதில்லை. முதற்சாரார் பார்க்கத் தேவையில்லை என எண்ணுகின்றனர். மற்றவர்கள் பார்த்துவிட்டதாகவே எண்ணிக்கொள்கின்றனர்.

அரபுக் கல்லூரியில் ஹதீஸ் பாடம் நடத்தும் நாம் ஓவியத் திறனாய்வில் இறங்குவது சிலருக்கு வியப்பளிக்கலாம். அதற்குக் காரணம் ஒரு மாணவர். உருவம் வரைவோர் குறித்த நபிமொழிகளைப் பாடமாக நடத்திய ஒரு நாளில், அவர் தம் கிதாபுக்குள் மடித்து வைத்திருந்த படம் ஒன்றை எடுத்துக் காட்டி, "உஸ்தாத், இதுவும் ஹராம்தானா?" எனக் கேட்டார். ஏதோ ஒரு வரலாற்று இதழிலிருந்து வெட்டியெடுத்த படம் அது. இனாயத் கான் என்னும் முகலாய அரசவை அலுவலர், சாகும் தறுவாயில், திண்டில் சாய்ந்திருக்கும் ஓவியம். நாம் வழக்கமான விடையைக் கூறினோம். அவ்விடை தவறன்று. ஆயினும் கேட்டவரின் கேள்வி முழுவதையும் அது தொடவில்லை என்னும் உறுத்தல் நெடுநாள் நம்மிடம் இருந்தது. அவ்வுறுத்தலின் விளைவே இக்கட்டுரை. நாம் பேசவிருக்கும் ஓவியங்களின் மூலங்கள் அயல்நாட்டு அருங்காட்சியகங்களில் உள்ளன. நூல்களில் அச்சான படிகளைக் கொண்டே அவற்றை நாம் அறிவோம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

இப்னு அப்பாஸ் (ரலி) கண்ட ஓவியர்

ஸஹீஹுல் புகாரியில் இடம்பெறும் நிகழ்ச்சி ஒன்று இவ்விவாதத்திற்கு ஒரு திறவுகோல். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் ஒருவர் வருகிறார். தம் பிழைப்பு கைத்தொழிலால் நடப்பது என்றும், உருவப்படங்கள் செய்து வாழ்வதாகவும் கூறுகிறார். இப்னு அப்பாஸ் (ரலி) தம் சொந்தக் கருத்து எதையும் கூறாமல், அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் தாம் செவியுற்றதையே எடுத்துரைக்கிறார்: ஓர் உருவத்தைச் சமைத்தவர், அதற்கு உயிரூட்டும்வரை வேதனை செய்யப்படுவார், ஒருபோதும் அவரால் உயிரூட்ட இயலாது. இதைக் கேட்ட அம்மனிதருக்கு மூச்சு வாங்குகிறது, முகம் வெளிறிப்போகிறது. அவருடைய நிலையைக் கண்ட இப்னு அப்பாஸ் (ரலி), இத்தொழிலை விட இயலாதெனில் மரங்களையும் உயிரற்ற பொருள்களையும் வரைந்துகொள்ளுமாறு வழி காட்டுகிறார்.

இந்நிகழ்ச்சியை நாம் பெரும்பாலும் சட்டத்திற்கான ஆதாரமாக மட்டுமே ஓதுகிறோம். இதில் மனிதர்கள் இருவர் இருப்பதை மறந்துவிடுகிறோம். தம் பிழைப்பே பறிபோகுமோ எனக் கலங்கிய ஒரு தொழிலாளியின் வெளிறிய முகம் இங்கே பதிவாகியிருக்கிறது. அவர் பெயர் இந்த அறிவிப்பில் இல்லை; முகம் மட்டும் இருக்கிறது. அறிஞர் அந்த முகத்தைப் பார்த்தார். பார்த்ததனால் வழி சொன்னார். ஓவியத்தைப் பற்றிய இந்த அறிவிப்பிலேயே, ஒரு முகத்தை எவ்வாறு பார்ப்பது என்னும் பாடமும் அடங்கியிருக்கிறது.

மார்க்க அறிஞர்கள் இத்தடைக்கு இரண்டு அடிப்படைகளைக் கூறுவர். ஒன்று, படைப்பில் இறைவனுக்கு நிகராக முனையும் செருக்கு. அல்-முஸவ்விர், உருவம் அமைப்பவன், என்பது அல்லாஹ்வின் திருநாமங்களுள் ஒன்று. கருவறையில் மனிதனைத் தான் நாடியவாறு உருவாக்குபவன் அவனே என்கிறது அருள்மறை. மற்றொன்று, தஃளீம் எனப்படும் மிகைப் போற்றுதல். நூஹ் (அலை) அவர்களின் சமூகத்தார் நல்லடியார்களின் நினைவாக எழுப்பிய உருவங்கள் நாளடைவில் வணங்கப்படலாயின என்ற செய்தியும் இப்னு அப்பாஸ் (ரலி) வழியாகவே நமக்கு வருகிறது. ஆயிஷா (ரலி) அவர்கள் உருவங்கள் கொண்ட திரைச்சீலையை மாட்டியிருந்தபோது நபி (ஸல்) அவர்கள் வெறுத்ததையும், பின் அச்சீலை தலையணையாக மாற்றப்பட்டதையும் அறிவோம். உயர்ந்து தொங்கிய சீலை, சாய்ந்துகொள்ளும் பொருளாக இறக்கப்பட்டது.

இவற்றைக் கொண்டு ஃபிக்ஹு அறிஞர்கள் பல முடிவுகளுக்கு வந்தனர். உயிருள்ளவற்றின் உருவம் தீட்டுவது கூடாது என்பது பெரும்பான்மையோர் கருத்து. நிழல் விழும் சிலைகளையே ஹராம் என்றும், தட்டையான படங்களை மக்ரூஹ் என்றும் கருதியோர் மாலிகி மத்ஹபில் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எகிப்தின் முஃப்தி முஹம்மது அப்துஹூ, வணங்கப்படும் அச்சம் நீங்கிய இடத்தில் ஓவியத்திற்கு அறிவுப் பயன் உண்டு என வாதிட்டார். ஈண்டு ஃபத்வா வழங்குவது நம் நோக்கமன்று. தடைக்குக் கூறப்படும் அவ்விரு அடிப்படைகளும், அதாவது செருக்கும் மிகைப் போற்றுதலும், ஓவியங்களை மதிப்பிடவும் உரைகற்களாகும் என்பதே நாம் சொல்ல வருவது. வரையப்பட்டுவிட்ட ஒரு படத்தின்முன் நின்று, இது செருக்கின் படமா, பணிவின் படமா எனக் கேட்கலாம். அக்கேள்விக்கு விடை காணப் படத்தைப் பார்த்தாக வேண்டும்.

அக்பரின் ஓவியக்கூடம்

ஈரானில் அடைக்கலம் புகுந்து மீண்ட ஹுமாயூன், மீர் ஸய்யித் அலீ, காஜா அப்துஸ் ஸமத் என்னும் இரு பாரசீக ஓவியர்களைத் தம் அவைக்கு வரவழைத்தார். அவர்கள் அமைத்த அடித்தளத்தின்மீது அக்பர் பெரியதோர் ஓவியக்கூடத்தை நிறுவினார். அதில் ஈரானியரும் இந்தியரும், முஸ்லிம்களும் இந்துக்களும் ஒன்றாக அமர்ந்து வேலை செய்தனர்.

அங்கிருந்தவர்களில் தஸ்வந்த் என்பவரின் கதை நம் மனத்தை விட்டு அகலாதது. அவர் பல்லக்குத் தூக்குபவரின் மகன். சுவர்களில் படம் கிறுக்கிக்கொண்டிருந்த சிறுவனின் திறம் அரசரின் கண்ணில் பட்டது. காஜா அப்துஸ் ஸமதிடம் ஒப்படைக்கப்பட்டார். குறுகிய காலத்தில் காலத்தின் தலைசிறந்த ஓவியர்களுள் ஒருவரானார். பின்னர் மனநோய் அவரைப் பற்றிக்கொண்டது. 1584-இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். ஆயிரம் முகங்கள் வரைந்த கூடத்தின் பின்னணியில் இத்தகைய மனிதர்களும் இருந்தனர். அரசவை ஓவியம் என்றதும் நமக்குப் பொன்னும் மணியுமே நினைவுக்கு வருகின்றன. அப்பொன்னைத் தூரிகையால் இழைத்தவர்களின் வாழ்வு நினைவுக்கு வருவதில்லை.

இவற்றையெல்லாம் நமக்கு அறிவிப்பவர் அக்பரின் அவை அறிஞர் அபுல் ஃபஸ்ல். அவருடைய 'ஆயினே அக்பரி' நூலில் ஓவியக்கூடம் பற்றிய சிறு பகுதி ஒன்றுண்டு. அதை ஊன்றிப் படித்தால் ஒன்றுக்கொன்று எதிரான இரு கருத்துகள் அடுத்தடுத்து அமைந்திருப்பதைக் காணலாம். அக்பர் தம் அவையினர் அனைவரின் உருவப்படங்களையும் வரையச் செய்து ஒரு பெருந்தொகுப்பு உருவாக்கினார் என்று சொல்லும் அபுல் ஃபஸ்ல், அதனால் இறந்தோர் புத்துயிர் பெற்றனர், இருப்போர் சாகாநிலை அடைந்தனர் என்று புகழ்கிறார். ஓவியத்தை வெறுப்போருக்கு அக்பர் அளித்ததாக அவர் தரும் மறுமொழியோ வேறு. உறுப்புகள் ஒவ்வொன்றையும் வரைந்து முடிக்கும் ஓவியன், தன்னால் உயிர் கொடுக்க முடியவில்லை என்பதை உணர்ந்து, உயிரளிப்பவனை நினைக்க நேர்கிறது. ஆதலின் இறைவனை அறிய ஓவியனுக்குத் தனி வழி ஒன்று உண்டு என்பது அதன் சாரம்.

இரண்டாவது கருத்தைக் கூர்ந்து நோக்குவோம். இப்னு அப்பாஸ் (ரலி) அறிவித்த எச்சரிக்கையின் உட்பொருளையே இது வேறொரு திசையிலிருந்து தொடுகிறது. உயிரூட்ட இயலாமை, அங்கே மறுமையின் வேதனை. இங்கே இம்மையின் படிப்பினை. அக்பரின் வாதம் சட்டத் தடையை நீக்கிவிடும் என நாம் கருதவில்லை. ஆயினும் தன் இயலாமையை உணர்ந்து வரையும் கை செருக்கின் கையன்று என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். முதற்கருத்தோ நேரெதிரானது. இறந்தோருக்கு உயிர் கொடுத்துவிட்டோம் என்னும் அப்புகழ்ச்சி, நபிமொழி எந்த இடத்தில் எச்சரிக்கிறதோ அதே இடத்தில் சென்று நிற்கிறது. ஆக, முகலாய உருவப்படக் கலை தொடக்கத்திலேயே இரு பாதைகளைக் கண்டது. பின்வந்தவர்கள் இரண்டிலும் நடந்தனர்.

ஷபீஹ் என்னும் சொல்

உருவப்படத்திற்கு முகலாயர் வழங்கிய பெயர்களுள் 'ஷபீஹ்' என்பது நம் கவனத்திற்குரியது. 'ஷபஹ்' என்னும் அரபு வேரடியிலிருந்து வந்த இச்சொல்லுக்கு ஒத்திருப்பது, சாயல் என்பதே பொருள். இதில் படைப்பைக் குறிக்கும் குறிப்பு ஏதுமில்லை. சாயல் என்று சொல்லும்போதே மூலம் வேறொன்று என்பதும் சொல்லப்பட்டுவிடுகிறது. ஓவியர்கள் தம் படங்களில் கையொப்பமிடுகையில், அரசவாயிலின் அடிமை என்றும், அடியாரில் கடையன் என்றும் தம்மைக் குறித்துக்கொள்வது வழக்கம். இது அரசவை மரபுச் சொல்லே என்றாலும், அச்சொல்லில் இருக்கும் அடக்கம் படத்திலும் இருக்கிறதா என்பது பார்க்கத்தக்கது.

ஷபீஹ் வரைவதில் இணையற்றவர் என்று ஜஹாங்கீர் தம் நினைவுக்குறிப்பில் புகழ்பவர் பிஷன்தாஸ். 1613-இல் ஈரானுக்குச் சென்ற கான் ஆலமின் தூதுக்குழுவுடன் அவர் அனுப்பப்பட்டார். ஷாஹ் அப்பாஸின் உருவத்தையும் அவருடைய அவைப் பெருமக்களின் உருவங்களையும் வரைந்து வருவதே அவருக்கு இடப்பட்ட பணி. தாம் நேரில் சந்தித்திராத மன்னரை ஓவியரின் கண்வழியே அறிய முயன்றார் ஜஹாங்கீர். திரும்பி வந்த பிஷன்தாஸுக்கு யானை ஒன்று பரிசாகக் கிடைத்தது.

இன்னொருவர் அபுல் ஹஸன். ஹிராத்திலிருந்து வந்த ஆகா ரிஸாவின் மகன். அரண்மனை நிழலிலேயே வளர்ந்தவர். சிறு வயதிலேயே, 1600-ஆம் ஆண்டளவில், ஜெர்மானிய ஓவியர் ட்யூரரின் அச்சுப்படத்திலிருந்த உருவம் ஒன்றைப் பார்த்து வரைந்தவர். 1618-இல் 'நாதிருஸ் ஸமான்', காலத்தின் அரியவர், என்னும் பட்டம் பெற்றார். ஜஹாங்கீரின் பார்வைக் கூர்மையும் சாதாரணமானதன்று. எப்படத்தைக் காட்டினாலும் வரைந்தவர் யாரெனத் தம்மால் கூற முடியும் என்றும், ஒரே முகத்தில் கண்ணையும் புருவத்தையும் வெவ்வேறு ஓவியர் வரைந்திருந்தாலும் பிரித்தறிய முடியும் என்றும் அவர் எழுதியிருக்கிறார். ஆக, நாம் பேசும் காலம், பார்க்கத் தெரிந்த ஓர் அரசரும் வரையத் தெரிந்த சிலரும் ஒருங்கே வாய்த்த காலம். இத்தகையோர் சறுக்கிய இடங்கள் எவை என்பதே நமக்கு வேண்டிய பாடம்.

செருக்கின் இரு படங்கள்

தக்காணத்தில் முகலாயப் படைகளுக்கு நெடுங்காலம் தண்ணி காட்டியவர் மாலிக் அம்பர். அபிசீனியாவில் பிறந்து, அடிமையாக விற்கப்பட்டு, அஹ்மத்நகர் அரசின் தூணாக உயர்ந்த முஸ்லிம் தளபதி. ஜஹாங்கீரால் அவரை ஒழிக்க இயலவில்லை. 1626-இல் முதுமையில் இறந்தார். ஆனால் 1616-ஆம் ஆண்டளவில் அபுல் ஹஸன் வரைந்த ஓவியத்தில் மாலிக் அம்பரின் வெட்டுண்ட தலை ஓர் ஈட்டியின் முனையில் இருக்கிறது. பூவுலக உருண்டைமீது ஏறி நின்ற ஜஹாங்கீர் அத்தலையை நோக்கி அம்பெய்கிறார். இப்படம் இன்று டப்ளின் நகரின் செஸ்டர் பீட்டி நூலகத்தில் உள்ளது.

நடக்காத வெற்றி இது. போர்க்களத்தில் கிட்டாததைத் தூரிகை கொடுத்திருக்கிறது. கையாண்ட நுட்பத்தில் குறை ஏதும் காண்பதற்கில்லை. வண்ணமும் கோடும் ஆசானுக்குரியவை. ஆயினும் இதில் மாலிக் அம்பர் என்னும் மனிதர் இல்லை. ஓர் அரசரின் ஆற்றாமை மட்டுமே இருக்கிறது. சாயல் என்னும் சொல்லுக்கு இப்படம் இழைக்கும் துரோகம் இது. ஒரு முகத்தை அம்புக்கு இலக்காக்கிய பிறகு அதை ஷபீஹ் என்பது எவ்வாறு? இதே மாலிக் அம்பரை ஹாஷிம் என்னும் ஓவியர் வரைந்த படம் ஒன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் எளிய வெண்ணாடை அணிந்த, கருத்த, முதிர்ந்த ஒரு மனிதர் அமைதியாக நிற்கிறார். பகைவராயினும் அவருக்குரிய கண்ணியம் குறையவில்லை. இரு படங்களும் ஒரே காலத்தவை. பகைமையை மீறிப் பார்க்க முடிந்த கை எது, முடியாத கை எது என்பது இங்கே வெளிப்படை. பெரும்பட்டம் பெற்றவரினும் ஹாஷிமே இவ்விடத்தில் உயர்ந்து நிற்கிறார் என்பது நம் முடிபு.

இரண்டாவது படம், பிசித்ர் வரைந்தது. வாஷிங்டன் ஃப்ரீர் கலைக்கூடத்தில் உள்ளது. ஜஹாங்கீர் மணற்கடிகையால் ஆன அரியணைமீது வீற்றிருக்கிறார். அஜ்மீரின் சிஷ்தி ஷைகு ஒருவருக்கு நூல் ஒன்றை நீட்டுகிறார். உஸ்மானியச் சுல்தானும், இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸும் கீழே காத்து நிற்கின்றனர். மன்னர்களைவிட ஞானியையே பேரரசர் மதிக்கிறார் என்பது இப்படத்தின் வெளிப்பொருள். பலரும் இதைப் பணிவின் ஓவியம் எனப் பாராட்டியுள்ளனர்.

நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. ஞானியை மதிப்பவர் ஞானியின் இருப்பிடம் தேடிச் செல்வார். இங்கே ஞானி அரியணையின் அடியில் நின்று நூலைப் பெறுகிறார். பேரரசரின் தலைக்குப் பின்னால் கதிரவனும் பிறையும் இணைந்த மாபெரும் ஒளிவட்டம். ஞானியின் தலைக்குப் பின்னால் ஏதுமில்லை. பணிவு இங்கே காட்சிக்கு வைக்கப்பட்ட ஓர் அணிகலன். முகஸ்துதியை மறைமுகமான இணைவைப்பு என்று எச்சரித்த மார்க்கத்தைச் சார்ந்த நமக்கு, இவ்வேறுபாடு புரியாமற்போகலாகாது.

ஆனால் இப்படத்தில் உண்மையான பணிவும் இருக்கிறது. அது வேறிடத்தில் இருக்கிறது. அரியணையின் மணற்கடிகையில் மணல் வழிந்துகொண்டிருக்கிறது. பேரரசர் ஆயிரம் ஆண்டு வாழ்க எனச் சிறு தேவதைகள் அதன்மீதே எழுதிக்கொண்டிருக்கின்றனர். மணல் அவ்வாழ்த்துக்காக நிற்பதாயில்லை. கீழ் மூலையில் மன்னர்களுக்கும் கீழே ஓர் உருவம் உண்டு. கையில் சிறு படம் ஒன்றைப் பிடித்திருக்கும் அவர் ஓவியர் பிசித்ரே. தம் பெயரை அவர் எழுதியிருப்பது அரசரின் பாதபீடத்தில். அரசர் ஏறும்போதெல்லாம் மிதிபடும் இடம் அது. அரசருக்கு வேண்டிய புகழைக் கொடுத்துவிட்டுத் தமக்கு வேண்டிய உண்மையை மணலில் வைத்துவிட்டார் அந்த ஓவியர் என்றே நமக்குப் படுகிறது.

இனாயத் கான்

இப்போது மாணவர் காட்டிய படத்திற்கு வருவோம். 1618-ஆம் ஆண்டு. குஜராத்திலிருந்து ஆக்ராவுக்குத் திரும்பும் வழியில் பேரரசர் பாசறை அமைத்திருந்தார். அவருக்கு நெருக்கமான பணியாளர்களுள் ஒருவரான இனாயத் கான், அபினிக்கும் மதுவுக்கும் அடிமையாகி, உடல் முற்றும் நலிந்து, ஆக்ராவுக்குச் செல்ல விடை வேண்டினார். நேரில் வந்து விடைபெறுமாறு கட்டளை பிறந்தது. பல்லக்கில் தூக்கி வந்தனர். எலும்பின்மேல் தோல் போர்த்தியது போல இருந்தார் என்றும், எலும்புகளே கரைந்துவிட்டன போலும் என்றும் ஜஹாங்கீர் எழுதுகிறார். மெலிந்த உருவங்களை ஓவியர்கள் எத்துணையோ மிகைப்படுத்தி வரைந்திருந்தாலும் இத்தகையதைத் தாம் கண்டதில்லை என்று வியக்கிறார். உடனே ஓவியர்களை அழைத்து அவருடைய உருவத்தை வரையப் பணிக்கிறார். இறைவனை நினைவுகூர்வதில் ஒரு மூச்சும் தவறவேண்டாம், அவன் அருளில் நம்பிக்கை இழக்கவேண்டாம் என்று அறிவுரை கூறி, வழிச்செலவுக்குப் பணமும் கொடுத்து அனுப்புகிறார். மறுநாள் இனாயத் கான் இறந்துபோனார்.

இச்சந்திப்பின் விளைவாக இரண்டு படைப்புகள் எஞ்சின. கோட்டோவியம் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும், வண்ண ஓவியம் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்திலும் உள்ளன. பால்சந்த் வரைந்திருக்கலாம் எனக் கருதுவோர் உண்டு. கோட்டோவியம் சுருக்கமானது, நோயாளியின் முன்னிருந்து விரைந்து பதிந்ததன் சூடு அதில் ஆறவில்லை. திறந்த மேலங்கிக்குள் விலா எலும்புகள், குழிந்த கன்னம், நீட்டிய, குச்சி போன்ற கால்கள். வண்ண ஓவியத்தில் திண்டுகளும் மெத்தையும் பருத்து நிறைந்திருக்க, அவற்றினிடையே உடல் மட்டும் வற்றியிருக்கிறது. செல்வம் அனைத்தும் சுற்றிலும் இருக்க, மனிதர் மட்டும் விடைபெறுகிறார். கண்கள் திறந்திருக்கின்றன. அவை நம்மைப் பார்க்கவில்லை.

இப்படத்தில் ஒளிவட்டம் இல்லை, அரசரே இல்லை. மிகைப் போற்றுதலுக்கு இங்கே இடமே கிடையாது. இதைக் கண்டு எவரும் வணங்கப் போவதில்லை. உயிர் கொடுத்துவிட்டேன் என்று இதை வரைந்தவர் செருக்குறவும் முடியாது. உயிர் பிரிந்துகொண்டிருப்பதையல்லவா அவர் வரைந்தார்! நாம் மேலே கூறிய இரண்டு உரைகற்களிலும் உரசிப் பார்த்தால், முகலாயப் படங்களில் இதற்கு இணையான பணிவுடைய படம் வேறில்லை எனலாம். அக்பரின் அந்த வாதம், ஓவியன் தன் இயலாமையில் இறைவனை நினைக்கிறான் என்பது, வேறெங்கும் மெய்ப்பட்டதோ இல்லையோ, இங்கே மெய்ப்பட்டது.

இத்துடன் முடித்திருந்தால் நம் உறுத்தல் தீர்ந்திருக்கும். ஆனால் மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். இனாயத் கானின் விருப்பத்தை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. நோயாளியைக் காணச் செல்வதற்கென்று நம் மார்க்கம் ஒழுங்குகள் வகுத்திருக்கிறது. இங்கோ நோயாளியே பல்லக்கில் தூக்கிவரப்பட்டு அரசரின் வியப்புக்குக் காட்சியானார். பிற முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் இம்மையிலும் மறுமையிலும் மறைப்பான் என்பது நபிமொழி. இனாயத் கானின் குறை, நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின்னரும் இரு கண்டங்களில் கண்ணாடிப் பேழைக்குள் திறந்து கிடக்கிறது.

அரசரை மட்டும் பழித்துவிட்டு ஒதுங்குவதும் நேர்மையன்று. ஜஹாங்கீர் தம் குடிப்பழக்கத்தை ஒளிக்காமல் எழுதியவர். ஒரு காலத்தில் நாளொன்றுக்கு இருபது கிண்ணம் வரை அருந்தியதையும், கை நடுக்கத்தால் பிறர் கிண்ணத்தைப் பிடித்து ஊட்ட வேண்டியிருந்ததையும், ஹகீம் ஹுமாம் எச்சரித்த பிறகு குறைத்துக்கொண்டதையும் அவரே பதிந்திருக்கிறார். அவருடைய சகோதரர் முராதும் தானியாலும் குடியாலேயே மாண்டனர். அவ்வாறாயின், பல்லக்கில் வந்தவரைக் கண்டபோது அவர் கண்டது யாரை? காசில் மதுக்கிண்ணத்துடன் தம் உருவத்தைப் பொறித்த அரசர், ஏழாண்டுகள் கழித்து, அக்கிண்ணம் கொண்டுசேர்க்கும் இடத்தை நேரில் பார்த்தார். அக்காசின் மறுபக்கமே இப்படம் என நாம் படிக்கிறோம். அவர் அவ்வாறு படித்தாரா என்பதை அல்லாஹ்வே அறிவான்.

ஆகவே நம் மதிப்பீடு இரு கூறானது. வரையச் சொன்ன கட்டளையில் இரக்கத்தை விட வியப்பே மிகுந்திருந்தது. அது மறைக்கவேண்டியதைத் திறந்தது. வரைந்த கையோ வியப்பைக் குறைத்து இரக்கத்தைக் கூட்டியது. திறக்கப்பட்டதைத் தன்னால் இயன்ற அளவு கண்ணியத்தால் போர்த்தியது. எள்ளல் ஒரு கோட்டிலும் இல்லை.

திறப்பதும் மறைப்பதும்

நிழற்படம் வந்தபோது நம் உலமாக்களிடையே நடந்த வாதங்களை மூத்த வாசகர்கள் அறிவர். ஹஜ்ஜுக்குச் செல்லக் கடவுச்சீட்டு வேண்டும், கடவுச்சீட்டுக்கு நிழற்படம் வேண்டும் என்றானபோது, தேவையின் பொருட்டு அது ஏற்கப்பட்டது. வாழ்நாள் முழுதும் படத்திற்கு உட்காராத ஆலிம்கள் ஹஜ் ஆண்டில் மட்டும் நிழற்படக் கருவியின்முன் அமர்ந்தனர். அதன்பின் கூடுமா, கூடாதா என்னும் கேள்வி படிப்படியாக ஓசையடங்கியது. இன்று ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசி; ஒவ்வொரு கைப்பேசியிலும் ஒரு நிழற்படக் கருவி.

நாம் கூடுமா, கூடாதா என்று வாதிட்டோம். யாரை, எந்நிலையில், எவர் ஒப்புதலுடன் என்று கேட்க மறந்தோம். அதன் விளைவை மருத்துவமனைகளிலும் மையித்து வீடுகளிலும் காண்கிறோம். மூச்சுக்குழாய் பொருத்திக் கிடப்பவரைப் படமெடுத்து, துஆச் செய்யுங்கள் என்ற வரியுடன் நூறு பேருக்கு அனுப்புகின்றனர். கஃபனிட்ட முகத்தைப் படமெடுத்துப் பரப்புகின்றனர். மையித்தைக் குளிப்பாட்டுவோர் தாம் கண்ட குறையை வெளியே சொல்லலாகாது என்று ஃபிக்ஹு நூல்கள் கற்பிக்கின்றன. குளிப்பாட்டியவர் வாய் திறக்காத செய்தியை வாசலில் நின்றவரின் கைப்பேசி ஊரெங்கும் சொல்லிவிடுகிறது. உருவம் வரைவோர் பற்றிய ஹதீஸை நம்மிடம் ஓதிச் சென்ற சில மாணவர்களும் இதைச் செய்கின்றனர் என்பதை வேதனையுடன் குறிப்பிடுகிறோம். குறை அவர்களிடம் மட்டும் இல்லை. அந்த ஹதீஸை நடத்திய நாம் அந்த ஓவியரின் வெளிறிய முகத்தை அவர்களுக்குக் காட்டாமல் விட்டோம்.

பால்சந்தோ, வேறொருவரோ, அன்று இனாயத் கானின் முன் அமர்ந்த ஓவியர் நெடுநேரம் பார்க்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு விலா எலும்பையும் எண்ணிப் பார்த்தே வரைய வேண்டியிருந்தது. அவ்வளவு நேரம் பார்த்தவருக்கு இரக்கம் சுரக்காமலிருந்தால்தான் வியப்பு. நம் கைப்பேசிக்கு ஒரு நொடி போதும். பார்க்காமலேயே படமெடுத்துவிட முடிகிறது.

பாடம் கேட்ட அந்த மாணவர் இப்போது வேறோர் ஊரில் இமாமாகப் பணியாற்றுகிறார். அன்று அவருக்குச் சொன்ன விடையை நாம் திரும்பப் பெறவில்லை. ஆனால் விடை சொல்வதற்கு முன், அந்தத் தாளை அவரிடமிருந்து வாங்கி, இருவருமாகச் சிறிது நேரம் பார்த்திருக்க வேண்டும். இந்த மனிதருக்கு நாம் செலுத்த வேண்டிய கடமை என்ன என்று அவரிடம் கேட்டிருக்க வேண்டும். சட்டம் அதன்பின் வந்திருக்கும்; இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடத்தில் வந்ததைப் போல வழியும் சேர்ந்தே வந்திருக்கும்.

அல்லாஹ்வே யாவற்றையும் நன்கறிந்தவன்.